அட்டைப் பெட்டிக்கும் கமிட்டி உண்டு!

மதுரையில் 'கமிட்டி மெம்பர்' என்று சொன்னால், "எந்தக் கோயில் திருவிழாவுக்குண்ணே?" என்றுதான் கேட்பார்கள். நான் இருப்பதோ அட்டைப் பெட்டிக் கமிட்டி! சொன்னதும் எதிராளி முகத்தில் ஒரு நமுட்டுச் சிரிப்பு வரும் பாருங்கள்...

கப்பலூர் பக்கம் சின்னதாக ஒரு பெட்டிக் கம்பெனி வைத்திருக்கிறேன். கிராஃப்ட் பேப்பரை நெளித்து, பசை தடவி, பின் அடித்து, அப்பளத்திலிருந்து மோட்டார் பம்ப் வரைக்கும் பெட்டி போட்டுத் தருவது தொழில். பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கொடுக்கிறதே பி.ஐ.எஸ்., அந்த அமைப்பு காகித பேக்கேஜிங்குக்கும் ஒரு குழு வைத்திருக்கிறது. பெட்டி செய்பவர், வாங்குபவர், சோதனைக்கூடத்துக்காரர், அரசு அதிகாரி என்று கலந்துகட்டி உட்கார்ந்து தர விதிகள் எழுதுவோம். சம்பளம்? மூச்! தரப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் பேர் வரும், அவ்வளவுதான்.

"பேப்பர்ல பேர் வர்றதுக்கா டெல்லிக்கு ஓடுறீங்க?" என்பார் என் வீட்டுக்காரம்மா.

இல்லை. ஈரத்துக்காக ஓடுகிறேன்!

காகிதம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ஈரம் 90 சதவீதத்தை நெருங்கினால், பெட்டி தாங்கும் பாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஐப்பசி அடைமழையில் குடோனில் அடிப்பெட்டி மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவது இதனால்தான். ஆகவே, சோதனை செய்யும் முன் காகிதத்தை இன்ன சூட்டில், இன்ன ஈரத்தில் வைக்கவேண்டும் என்று விதி உண்டு. உலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 187 சொல்வது 23 டிகிரி, 50 சதவீதம். சித்திரை மாதம் மதுரையில் போய் 23 டிகிரிக்கு எங்கே போக! நல்லவேளை, வெப்ப நாடுகள் 27 டிகிரி, 65 சதவீதத்தில் சோதிக்கலாம் என்று அதிலேயே ஒரு வரி இருக்கிறது. அது தானாக முளைத்திருக்குமா? எவரோ எழுந்து, "எங்க ஊர் வெயில் வேற சார்" என்று பேசியிருக்கவேண்டும்.

கூட்டத்தில் ஓட்டெடுத்து ஜெயிக்கிற சமாசாரம் இல்லை. கூடியமட்டும் எல்லாரும் ஒத்துவரும்வரை பேச்சுதான். 'வேண்டும்' என்று போட்டால் கட்டாயம். 'செய்வது நல்லது' என்று போட்டால் வெறும் யோசனை. இந்த ஒரு வார்த்தைக்காகவே இரண்டு டீ ஆறிப்போகும். பெட்டி வெடிக்காமல் தாங்கவேண்டிய அழுத்தத்தைக் கூட்டினால், கனமான பேப்பர் போடணும். சின்ன ஆளுக்குக் கட்டாது. குறைத்தால், சரக்கு நசுங்கி கடைக்காரர் கையைச் சுடும். எந்த எண் சரி என்று மெஷினில் நிற்பவனுக்குத்தானே தெரியும்?

பெரிய கம்பெனிகளுக்கு இதற்கென்றே ஆளும் லேபும் உண்டு. நம்ம ஆட்களோ, விதி அச்சாகி வந்தபிறகு, "இது நமக்கு எப்படிய்யா ஒத்துவரும்?" என்று டீக்கடையில் கூட்டம் போடுவார்கள். டீக்கடைத் தீர்மானம் மினிட்ஸில் ஏறாதே!

இத்தனைக்கும் எல்லாரும் டெல்லிக்கு ரயிலேற வேண்டியதில்லை. விதியின் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு விடுகிறார்கள். எந்தப் பிரிவு, என்ன குறை, என்ன மாற்றலாம் என்று எழுதினால் போதும். "சரியில்ல" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. சோதித்த கணக்கையும் சேர்த்து அனுப்பவேண்டும். 5 வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு தரத்தையும் மறுபடி பார்ப்பார்கள். நெளி அட்டைப் பெட்டிக்கான தரத்துக்கு ஐ.எஸ். 2771 என்று பெயர். பெட்டி செய்பவர்களும் வாங்குபவர்களும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

அடுத்த வரைவு வரும்போது ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள். அடிப்பெட்டிக்கு வாய் கிடையாது. அதற்காக நாம்தான் பேசணும்!