பிள்ளை கிட்டாரை ஓரம்கட்டக் காரணம் சோம்பலா... கம்பியின் உயரமா? வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்!

பிறந்தநாளுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த கிட்டார். முதல் வாரம் வீடே அதிர்ந்தது. மூன்றாவது வாரம், ‘விரல் வலிக்குதும்மா’ என்றாள் மகள். மூன்றாவது மாதம் அது பீரோ மேல் ஏறிவிட்டது. ‘எதையும் முழுசா செய்ய மாட்டே’ என்ற திட்டு மட்டும்தான் மிச்சம். பல வீடுகளில் நடக்கிற கதை இது. ஆனால், பல நேரங்களில் குற்றவாளி பிள்ளை இல்லை, கிட்டார்தான்!

விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர், ஒரு பழைய வழக்கால் பெயர்பெற்ற ஊர். முதியவராக வந்த சிவபெருமான், ‘இவன் எனக்கு அடிமை’ என்று சுந்தரர்மீது வழக்காடியது இந்த ஊர்ச் சபையில்தான் என்கிறது பெரியபுராணம். சபையினர் எடுத்த எடுப்பில் தீர்ப்பு சொல்லிவிடவில்லை. மூல ஓலையில் இருந்த எழுத்தை, சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சொன்னார்கள். கிட்டாருக்கும் அதே முறைதான். முதலில் அளவெடுங்கள், அப்புறம் தீர்ப்பு சொல்லுங்கள்.

சின்ன ஊர்களில் கிட்டார் சரிசெய்பவரைத் தேடினால் புதுச்சேரி, சென்னை என்றுதான் கைகாட்டுவார்கள். ஆனால், அடிப்படை வேலைகளுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

என்னென்ன வேண்டும்?

அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், கட்டிங் பிளேயர், கிட்டாருக்குப் பொருந்தும் ஆலன் கீ, உப்புத்தாள், பென்சில், பழைய பனியன் துணி. பைக் மெக்கானிக்குகள் டாப்பெட் செட் செய்யப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜும் உதவும். எல்லாம் ஹார்டுவேர் கடையிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைப்பவை. சுருதி சேர்க்க மொபைலில் ஒரு ட்யூனர் ஆப் போதும்.

முதலில் கம்பியைப் பாருங்கள்

கிட்டாரில் இரண்டு வகை உண்டு. பிரிட்ஜில் கம்பியை முடிச்சுப் போட்டிருந்தால், அது பெரும்பாலும் நைலான் கம்பிக்கான கிட்டார். ஆறு சிறிய முளைகள் கம்பியைப் பிடித்திருந்தால் ஸ்டீல் கம்பிக்கானது. நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டவே கூடாது. ஆறு நைலான் கம்பிகளின் மொத்த இழுவிசை சுமார் 40 கிலோ. ‘12’ எனப்படும் ஸ்டீல் செட் சுமார் 70 கிலோவுக்கு இழுக்கும். நாளடைவில் பிரிட்ஜே பெயர்ந்து வந்துவிடும்.

ஸ்டீல் கிட்டார்தான் என்றால், விரல் வலிக்கு எளிய மருந்து ‘10’ நம்பர் செட். கம்பி மெலிசு என்பதால் அழுத்துவது சுலபம். வியர்வையில் துருப்பிடித்த கம்பியும் விரலை அறுக்கும், மாற்றிவிடுங்கள். மாற்றும்போது முதலில் முறுக்கைத் தளர்த்திவிட்டுப் பிறகு வெட்டுங்கள். இறுக்கமாக இருக்கும்போது வெட்டினால் கம்பி தெறித்து கண்ணில் படலாம். ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுவது புதியவர்களுக்கு நல்லது.

உயரம் எவ்வளவு?

சுருதி சேர்த்துவிட்டு, 12-வது ஃப்ரெட்டின் மேல் ஸ்கேலை நிறுத்துங்கள். வீணையில் மெட்டு என்போமே, அதுதான் கிட்டாரில் ஃப்ரெட். ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஸ்டீல் கிட்டாரில் தடித்த கம்பிக்கு சுமார் 2.5 மி.மீ., மெல்லிய கம்பிக்கு சுமார் 2 மி.மீ. இருந்தால் வாசிக்க வசதி. நைலான் கிட்டாரில் முறையே சுமார் 4, 3 மி.மீ. வரை இருக்கலாம். இதைவிட நன்றாகக் கூடுதலாக இருந்தால், பிள்ளை சொன்ன வலி நிஜம்!

கழுத்து வளைந்திருக்கிறதா?

தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருக்கும். தேவைப்பட்டால் கைவினைஞர்கள் மறுபடி பதித்துத் தருவார்கள். கிட்டாரில் ஃப்ரெட்டுகள் மரத்திலேயே இறங்கியிருக்கும். அதனால் இங்கே திருத்துவது கழுத்தின் வளைவையும் சேடிலின் உயரத்தையும்தான்.

தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், 7-வது ஃப்ரெட் அருகே கம்பிக்குக் கீழே 0.1 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருக்கலாம். ஃபீலர் கேஜ் இதை அளந்து சொல்லும். அதிகமாக இருந்தால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கடிகாரச் சுற்றில் இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். மறுபடி சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். ராட் அசையாமல் அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள். நைலான் கிட்டார்கள் பலவற்றில் இந்த ராடே இருக்காது.

சேடிலைக் குறைப்பது எப்படி?

கழுத்து சரியாக இருந்தும் கம்பி உயரமா? பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் வெள்ளைத் துண்டுதான் சேடில். கம்பிகளைத் தளர்த்திவிட்டு அதை உருவுங்கள். 12-வது ஃப்ரெட்டில் 1 மி.மீ. குறைய வேண்டுமென்றால், சேடிலில் 2 மி.மீ. குறைக்க வேண்டும். பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் அடிப்பக்கத்தை மட்டும் சமமாகத் தேயுங்கள். கொஞ்சம் தேய்த்து, மாட்டி, அளந்து பாருங்கள். தேய்த்தது திரும்ப வராது!

வெயிலும் மழையும்

கிட்டார் மரத்துக்கு 45 முதல் 55 சதவிகித ஈரப்பதம் இதமானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்பலகை ஈரம் இழுத்து உப்பும், கம்பி உயரும். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியிலோ, காருக்குள்ளோ வைத்தால் பசை இளகும். உறைக்குள் போட்டு, வெயில் படாத உள்சுவர் பக்கம் வையுங்கள்.

இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்

பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் பிரிட்ஜ் பெயரத் தொடங்கிவிட்டது. உடனே கம்பிகளைத் தளர்த்திவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். உடனடிப் பசையை ஊற்றிவிடாதீர்கள். பிறகு வருபவருக்கு அதைச் சுரண்டி எடுப்பதே பெரும்பாடாகிவிடும். கழுத்து விரிசல், ஃப்ரெட் மாற்றுவது இரண்டும் வீட்டு வேலை அல்ல.

இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோ மேல் இருக்கும் கிட்டாரை இறக்கித் தூசு தட்டுங்கள். ஸ்கேலைப் பிள்ளை கையிலேயே கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். 4 மி.மீ. என்று வந்தால், திட்டியதற்கு ஒரு ‘சாரி’ சொல்லிவிட்டு, உப்புத்தாள் வாங்கக் கிளம்புங்கள்!