ஆடுவோர் நாட்டமும் ஆட்ட விதிகளும்: பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகள் பற்றிய ஒரு நோக்கு

மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை மேற்கொண்டு, நடத்துநர் ஒருவர் விரிக்கும் உலகில் அப்பாத்திரம் யாது செய்யும் என்பதைச் சொல்லால் அறிவித்து ஆடும் விளையாட்டு ஒன்றுண்டு. செயலின் பலன் ஐயத்துக்குரியதாகுமிடத்துப் பகடை அதனைத் தீர்மானிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவரும் ஆக்கி, 1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' இவ்வகையின் முன்னோடியாகும். இன்று விதித்தொகுதிகள் பலவாகப் பெருகியுள்ளன. ஒரே மேசையில் வெவ்வேறு நாட்டமுடையோர் கூடும்போது அவற்றுள் எதனைத் தெரிவது என்பதே நாம் ஈண்டு ஆராயும் வினா.

இந்நாட்ட வேறுபாடு நெடுநாளாகவே உணரப்பட்டது. 1980இல் கிளென் பிளாக்கோ என்பார் ஆடும் போக்குகளை நான்காக வகுத்தார். பாத்திரத்தின் வலிமையைப் பெருக்குதல், போர்த்தந்திரத்தில் இன்பங் காணல், பாத்திரத்தின் இயல்பில் ஒன்றி நடித்தல், கதையின் போக்கை முதன்மையாகக் கொள்ளல் என்பன அவை. ஒருவரிடத்தே இவற்றுட் பல கலந்திருத்தலுங் கூடும். ஆதலின் இப்பகுப்பை நாம் ஆட்களைப் பிரிக்கும் வேலியாகவன்றி, அவர்தம் விருப்பை அறியுங் கருவியாகவே கொள்ளல் வேண்டும்.

விதிகள் நடுநிலையானவை எனக் கருதுவது பொருந்தாது. அவை எச்செயலுக்குப் பரிசளிக்கின்றனவோ அச்செயலையே ஆடுவோர் நாடுவர். 1974இன் விதிகளில் கைப்பற்றிய செல்வமும் வீழ்த்திய பகையும் அனுபவப் புள்ளிகளாயின. எனவே புதையல் வேட்டை ஆட்டத்தின் உயிராயிற்று. 1981இல் வெளிவந்த 'கோல் ஒவ் கத்துல்லு'வில் கொடுங்காட்சிகளைக் காணுந்தோறும் பாத்திரத்தின் மனத்தெளிவு குன்றும். அங்கு வாளினும் துப்பறிதலே பயன்றரும். ஜேசன் மோர்னிங்ஸ்டாரின் 'பியாஸ்கோ' (2009) நடத்துநரே இல்லாதது. பாத்திரங்களின் தோல்வியே அதன் சுவை. கதையை விரும்புவோர்க்கு அது விருந்து. போர்த்தந்திரம் நாடுவோர்க்கோ அதில் வேலையில்லை.

இவ்வாறு வேலையற்றிருப்பவர் நாளடைவில் வாய்மூடி இருப்பர், அன்றேல் பிறர் ஆட்டத்தைக் குலைப்பர். நண்பர்களோ அவரை ஆடத் தெரியாதவர் என்பர். குறை பெரும்பாலும் அவரிடத்தன்று, தெரிவிலேயே உள்ளது. இதனை உணராமையாற் குழுக்கள் மட்டுமன்றி நட்பும் முறிவதுண்டு.

எனவே தெரிவுக்கு முன் மூன்றினை நோக்குதல் நன்று. முதலாவது, முன்னைய ஆட்டங்களில் எக்கணம் தமக்கு மகிழ்வளித்தது என ஒவ்வொருவரையும் வினவுதல். இரண்டாவது, விதிநூல் எதற்கு அதிக பக்கங்களை ஒதுக்குகின்றது, எதற்குப் பரிசளிக்கின்றது எனக் காணல். மூன்றாவது, நீண்ட தொடரில் இறங்குமுன் ஓரிரு அமர்வுகள் ஆடிப் பார்த்தல். பெரும்பான்மையோரை மிக மகிழ்விக்கும் தொகுதியினும், எவரையும் வெறுங்கையோடு இருத்தாத தொகுதியே சிறந்ததென்பது எமது துணிபு. அத்தகையதொன்று கிட்டாதவிடத்து, இரு தொகுதிகளை முறைமாற்றி ஆடலாம். அதுவும் இயலாதாயின் அதனை முன்னரே வெளிப்படக் கூறிவிடுதல் நட்புக்கு நலம் பயக்கும்.