செங்கல் மேல் நின்ற தெய்வமும் முதியோர் இல்லமும்

பண்டரிபுரத்தில் பாண்டுரங்கன் இடுப்பில் கைகளை ஊன்றிச் செங்கல்லின் மேல் நின்றருள்கிறான். பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த புண்டலீகன், வாசலில் வந்து நின்ற இறைவனைக் கண்டும் எழவில்லை. ஒரு செங்கல்லை எறிந்து, அதன் மேல் காத்திருக்க வேண்டினான் என்பது தலவரலாறு. அந்தப் பணிவிடை இன்று பல குடும்பங்களில் முதியோர் இல்லப் பணியாளரின் கைக்கு மாறியிருக்கிறது. பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்கிறார்கள். அருகிலிருந்தாலும் இரவு பகலாய்ப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இதைக் குற்றமென்று கூறுவது எளிது. ஒப்படைத்த பணிவிடை எவ்வாறு நடக்கிறது என்று பாராதிருப்பதே குற்றம்.

இல்லம் தேடிச் செல்வோர் பெரும்பாலும் பூஜையறையையும் பளிங்குத் தரையையும் கண்டு மனம் நிறைந்து திரும்புகிறார்கள். கட்டிலருகே உள்ள தண்ணீர்க் குவளையை யாரும் பார்ப்பதில்லை. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கும். கழிவறைக்கு அழைத்துச் செல்ல ஆளைக் கூப்பிட வேண்டுமே என்ற கூச்சத்தால் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் தாய்மார்களும் உண்டு. நீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரலாம், பேச்சு தடுமாறும், சில வேளை பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாது போகும். ‘வயதாகிவிட்டது, அப்படித்தான்’ என்று அதையும் ஒதுக்கிவிடுவார்கள். குவளை கைக்கு எட்டுகிறதா, அழைத்தால் ஆள் வருகிறாரா என்று பார்த்தால் இல்லத்தின் தரம் பாதி விளங்கிவிடும்.

படுக்கையிலேயே இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் முதுகின் அடியிலும் குதிகாலிலும் புண் உண்டாகும். ஆகவே இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் என்று கேட்டறிதல் அவசியம். பக்தி மிகுந்த இல்லங்களில் மற்றொரு கவனமும் வேண்டும். ஏகாதசி உபவாசம் இருக்கும் நீரிழிவு நோயாளிக்கு, வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ அப்படியே கொடுத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்பது நல்லது.

மாவட்டத்துக்கு ஓர் இல்லமேனும், குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்குமாறு மாநில அரசுகள் அமைக்கலாம் என்கிறது 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். முதியோர் படும் இன்னல்களைத் தெரிவிக்க 14567 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உள்ளது. ஆயினும் முன்னறிவிப்பின்றி உணவு வேளையில் சென்று பார்க்கும் பிள்ளையைப் போன்ற காவல் வேறில்லை. வெள்ளிக்கிழமை குங்குமமும் பிரசாதமும் எடுத்துச் செல்வோர், போர்வையை விலக்கி அம்மாவின் குதிகாலையும் பார்த்துவிட்டு வரலாம்.