அடுத்த மின்கிட்டார் எது?

நெகிரி செம்பிலானில் பால்மரக் காடுகள் பலவும் செம்பனையாக மாறிவிட்டன. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் சிரம்பான், செனவாங், நீலாய்த் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆனாலும் தோட்டத்துக் கோயில் திருவிழாவும் கல்யாண மண்டபமும் இன்னிசைக் குழுக்களைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த மேடைகளில் மின்கிட்டார் வாசிக்கிறவர்களுக்கும், வேலை முடிந்து வந்து வீட்டில் வாசிக்கிறவர்களுக்கும் ஒரு கட்டத்தில் அதே ஆசை வருகிறது: இருப்பது போதாது, இன்னொன்று வேண்டும். பெரும்பாலோர் நிறத்தையும் தலையில் எழுதியிருக்கும் பெயரையும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். கையில் இருக்கும் கிட்டாரால் எந்த வேலை முடியவில்லை என்று முதலில் கண்டுபிடித்து, அந்த வேலையைச் செய்யும் கிட்டாரைத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. பெயரும் மரமும் நிறமும் அதற்குப் பிறகு வரட்டும்.

மின்கிட்டாரின் ஒலி பிக்கப்பில் பிறக்கிறது. காந்தத்தின் மேல் தலைமுடி போன்ற மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். அதன் மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைந்து, சுருளில் சிறு மின்னோட்டம் உண்டாகிறது. ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்குவது இந்த மின்னோட்டத்தைத்தான். ஃபெண்டர் 1950-இல் கொண்டுவந்த, பின்னர் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிட்டாரிலும், 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் இருப்பது ஒற்றைச் சுருள் பிக்கப். அதன் ஒலி தெளிவாகவும் கூர்மையாகவும் இருக்கும்; ஆனால் சுற்றியுள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் அது சேர்த்தே பிடிக்கும். கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் 1955-இல் இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, காந்தத் துருவத்தையும் மாற்றி வைத்தால், கம்பியின் ஒலி கூடுகிறது, இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஹம்பக்கர் என்ற இந்தப் பிக்கப் 1957-இல் கிப்சன் கிட்டார்களில் ஏறியது. திருவிழா மேடையில் ஜெனரேட்டர், வண்ண விளக்குத் தோரணம், டிம்மர் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே ஒற்றைச் சுருள் கிட்டாரில் டிஸ்டார்ஷனைக் கூட்டினால் பாட்டுக்கு நடுவில் மலேசிய மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் சேர்ந்து ஒலிக்கும். ஆகவே ஸ்ட்ராட் வகை ஒன்றை வைத்திருப்பவர் வேறு நிறத்தில் இன்னொரு ஸ்ட்ராட் வாங்கினால் அவர் இசைக்குப் புதிதாக ஒன்றும் சேரவில்லை. ஹம்பக்கர் உள்ளதை வாங்கினால் பாதி பாட்டுகளுக்கு வழி திறக்கிறது. ஹம்பக்கர் மட்டுமே வைத்திருப்பவருக்கு இதே கணக்கு தலைகீழாகப் பொருந்தும்.

அடுத்து பார்க்க வேண்டியது நெக். வாங்குகிறவர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும், வாசிக்கிற கைக்கு மிக அதிகமாகத் தெரிவதும் இதுதான். ஃபெண்டரில் அதிரும் கம்பியின் நீளம் 25.5 அங்குலம், கிப்சனில் ஏறக்குறைய 24.75. அதே தடிமன் கம்பியை அதே சுருதியில் கட்டினால், குறுகிய நீளத்தில் இழுவிசை சுமார் 6 சதவீதம் குறைகிறது, கம்பியை வளைப்பது எளிதாகிறது. விரல் பலகையின் வளைவும் முக்கியம். பழைய பாணி ஃபெண்டரில் அது 7.25 அங்குல ஆரம், அதாவது நன்றாக உருண்டது. கார்டு பிடிக்க அது சுகம். ஆனால் மேல் ஃபிரெட்களில் கம்பியை அதிகம் இழுத்தால், கம்பி அடுத்த ஃபிரெட்டில் உரசி ஒலி அடங்கிவிடும். கிப்சனின் 12 அங்குலமும், ஐபனேஸ் கிட்டார்கள் பலவற்றின் ஏறக்குறைய 16 அங்குலமும் தட்டையானவை. நம் பாட்டுகளுக்குக் கமகம் உயிர் என்பதால் இது சிறிய விஷயம் இல்லை. கர்நாடக இசையை மின்கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னாவைக் கேட்டவர்களுக்கு, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போவதில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியும். மேண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி உள்ள மேண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின் மேண்டலினை எடுத்துக்கொண்டார். தன் இசைக்கு என்ன தேவை என்பதிலிருந்து தொடங்கி, கருவியை அதற்குத் தக்கபடி மாற்றிக்கொண்டவர் அவர்.

மரத்தை விட்டுவிட்டாயே என்று கேட்பார்கள். மஹோகனி, ஆல்டர், ஈட்டி மரம் என்று பெயர் சொல்லியே விலை ஏற்றப்படுகிறது. அக்கௌஸ்டிக் கிட்டாரில் மரம்தான் ஒலிப்பெட்டி. அங்கே அந்த வாதம் சரி. மின்கிட்டாரில் அதன் பலம் மிகவும் குறைகிறது. அமெரிக்க இசைக்கலைஞர் ஜிம் லில் உடலும் நெக்கும் இல்லாமல், அசையாத இரு முனைகளுக்கு நடுவே கம்பிகளை இழுத்துக் கட்டி, அடியில் பிக்கப்பை வைத்து வாசித்துப் பதிவு செய்தார். விலை உயர்ந்த டெலிகாஸ்டர் வகைக் கிட்டாரின் பதிவோடு வைத்துக் கேட்டால் எது எது என்று பிரிப்பது கடினம். ஒரே சோதனை எல்லாவற்றையும் முடித்துவிடாது. மரத்தின் எடை, தோளில் மூன்று மணி நேரம் தொங்கப்போகிற கிட்டாருக்கு உண்மையாகவே முக்கியம். ஆனால் ஞாத்தோ, மெராந்தி என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்ததும் மலிவு மரம் என்று ஒதுக்குவதற்கு நியாயம் இல்லை. இரண்டும் இந்த மண்ணின் காடுகளில் வளர்பவை. ஐபனேஸ் தன் கிட்டார்களில் இரண்டையும் பயன்படுத்தியிருக்கிறது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. சேர்ப்பது ஆசைக்காக, அதில் பயன் கணக்கு எதற்கு என்பது அது. ஆசையை நான் மதிக்கிறேன். அழகான பொருளைச் சுவரில் மாட்டி வைப்பதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் நம் ஊர்க் காற்று சும்மா இருக்கும் கிட்டாரை விட்டுவைப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஈரம். கம்பி துருப்பிடிக்கும், சுவிட்சும் பொத்தான்களும் கரகரக்கும், நெக் வளைந்து கம்பி உயர்ந்துவிடும். பழைய பாணி நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு உள்ள கிட்டாரைச் சாதாரண ஸ்டாண்டில் வைத்தால், அதன் ரப்பரோ வினைலோ பட்ட இடத்தில் பூச்சு இளகி ஒட்டும். ஒவ்வொரு கிட்டாரும் பராமரிப்புச் செலவைக் கூடவே கொண்டுவருகிறது. 2025-இல் உயர்த்தப்பட்ட பிறகும் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அமெரிக்காவில் செய்த ஃபெண்டர் ஒன்றின் விலை அதைப்போலப் பல மடங்கு. அந்த நிலையில் இருக்கும் குடும்பத்தில் வாசிக்கப்படாத மூன்றாவது கிட்டார், ஆசையைவிட பாரமாகத்தான் சீக்கிரம் மாறும்.

ஆகவே ஒரே கிட்டாரோடு மேடை ஏறுகிறவர், பிரிட்ஜ் எனப்படும் பாலத்தின் அருகே ஒரு ஹம்பக்கரும் மற்ற இரு இடங்களில் ஒற்றைச் சுருளும் உள்ள வகையைத் தேடுவது நல்லது. சினிமாப் பாட்டு கேட்கும் பெரும்பாலான ஒலிகள் அதில் கிடைத்துவிடும். இழைத்து வாசிப்பதில் மனம் உள்ளவர், தட்டையான விரல் பலகையும் உயரமான ஃபிரெட்டும் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். இரண்டு வகையும் ஏற்கெனவே இருந்தால் கடைக்குப் போகுமுன் பழைய கிட்டாரின் பிக்கப்பை மாற்றி, ஃபிரெட்டைச் சமன் செய்து, கம்பியைப் புதிதாக மாட்டி வாசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் குறை தெரிந்தால் வாங்குங்கள். வாங்கும்போது உங்கள் ஆம்ப்ளிஃபயரையே கடைக்குக் கொண்டுபோய், அதில் இணைத்து, நீங்கள் மேடையில் வாசிக்கிற பாட்டையே வாசித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.