பாலத் தூண் அரிப்புக் கண்காணிப்பு

பாலத் தூண் அரிப்பு என்பது ஆற்று நீரோட்டம் தூண்களைச் சுற்றியுள்ள மணலையும் சரளையையும் அள்ளிச் சென்று அடித்தளத்தைப் பலவீனமாக்குவதாகும். ஐக்கிய அமெரிக்காவில் பாலங்கள் இடிவதற்கான முதன்மைக் காரணங்களுள் இதுவும் ஒன்று.

தூணில் மோதும் நீர் அதன் முன்பக்கமாகக் கீழே பாய்ந்து, அடியில் குதிரை லாட வடிவில் சுழல்கிறது. இச்சுழலே படுகையைக் குடைகிறது. குழி பெரும்பாலும் வெள்ளத்தின் உச்சத்தில்தான் மிக ஆழமாக இருக்கும். வெள்ளம் வடியும்போது வண்டல் படிந்து அதை மூடிவிடும். பின்னர் முக்குளிப்போர் இறங்கிப் பார்த்தால் படுகை பழையபடியே தெரியும். ஆனால் புதிதாகப் படிந்த வண்டல் இளகியது. முன்பிருந்த மண்ணின் பிடிப்பு அதற்கு இருக்காது.

1987 ஏப்ரல் 5 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹரி ஓடையின் மீதிருந்த நெடுஞ்சாலைப் பாலம் வெள்ளத்தில் இடிந்து 10 பேர் இறந்தனர். அதன் தூண்கள் முளைகளின் மீது அல்லாமல், ஆழம் குறைந்த அடித்தளத்தின் மீது நின்றன. அவற்றைக் காக்கப் போடப்பட்ட பெருங்கற்கள் அடித்துச் செல்லப்பட்ட பின்னும் போதிய அளவில் மீண்டும் போடப்படவில்லை. இவ்விபத்துக்குப் பின்னரே அந்நாட்டில் பாலங்களின் அரிப்பு அபாயத்தை மதிப்பிடுவது முறைப்படுத்தப்பட்டது.

வெள்ளம் ஓடும்போதே அளக்க வேண்டும் என்பதே இத்துறையின் முதன்மைச் சிக்கல். சோனார் கருவி படுகையின் ஆழத்தைத் தொடர்ந்து அளக்கும். எனினும் கலங்கல் நீரும் காற்றுக் குமிழிகளும் அதன் அளவீட்டைக் குழப்பும். அடித்து வரப்படும் மரங்கள் கருவியையே பெயர்த்துவிடலாம். படுகையில் புதைக்கப்படும் மிதவை உணரி, அரிப்பு தன்னை எட்டியதும் மேலே மிதந்து சமிக்ஞை அனுப்பும். ஆனால் அது அந்த ஓர் ஆழத்தை மட்டுமே அறிவிக்கும்.

நீருக்கு மேலே பொருத்தப்படும் அதிர்வு உணரிகள் இவ்வகையில் நம்பிக்கை தருகின்றன. தூணைப் பிடித்திருக்கும் மண் குறைந்தால் அதன் இயல்பு அதிர்வெண்ணும் குறையும். வெப்பநிலை மாற்றமும் வாகனச் சுமையும்கூட அதிர்வெண்ணை மாற்றுவதால், அரிப்பின் விளைவை மட்டும் பிரித்தறியும் முறைகள் தேவைப்படுகின்றன. இதற்கு உண்மையான பாலங்களில் பல வெள்ளங்களின்போது திரட்டிய தரவுகள் வேண்டும். ஆய்வகத் தொட்டிகளில் சீரான மணலைக் கொண்டு பெற்ற சூத்திரங்கள், களிமண்ணும் பாறையும் கலந்த படுகைக்கு அப்படியே பொருந்துவதில்லை.

எந்த அளவில் பாலத்தை மூடுவது என்பதும் ஆய்வுக்குரியதே. பழைய பாலங்கள் பலவற்றுக்கு அடித்தள வரைபடம் கிடைப்பதில்லை. அடித்தளம் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று தெரியாத நிலையில், 3 மீட்டர் அரிப்பு என்ற அளவீட்டை மட்டும் கொண்டு போக்குவரத்தை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்ய இயலாது.