பளபளக்கும் கடைகளும் பலர் ஏற்காத என் கருத்துகளும்

“சுப்பர் மார்க்கெட் வந்தது, சின்னக் கடைகளின் வாயில் மண் விழுந்தது.” “பொரித்த கோழிக் கடை வந்தது, வீட்டுச் சமையல் போனது.” நான்கு பெண்கள் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. பேசி முடித்துவிட்டு அதே சுப்பர் மார்க்கெட்டின் பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவதும் நாம்தான்!

இருபத்தைந்து வருடங்களாக ஒரு குடும்பத்தின் சீனி, பருப்பு, சவர்க்காரக் கணக்கைப் பார்த்து வருபவள் நான். அந்த அனுபவத்தில் இந்தக் கடைகளைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு. சொன்னால் என் சொந்தச் சகோதரிகளே முகம் சுளிக்கிறார்கள். இருந்தாலும் சொல்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

முதலில் ஒரு சிறு வரலாறு. சங்கிலித் தொடர் கடைகள் நேற்று முளைத்தவை அல்ல. கார்கில்ஸ் நிறுவனம் 1844 இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் ஃபூட் சிட்டி 1983 இல் கொழும்பு ஸ்டேபிள் வீதியில் திறக்கப்பட்டது. 1993 இல் பிஸ்ஸா ஹட், 1995 இல் கே.எஃப்.சி., 1998 இல் மெக்டொனால்ட்ஸ் என்று வெளிநாட்டு உணவகங்கள் வந்தன. இவற்றில் மெக்டொனால்ட்ஸ் கிளைகள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. போர் முடிந்த பின், 2013 இல், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் சதுக்கம் எழுந்தது. இன்று சிறிய நகரங்களிலும் இத்தகைய கடை ஒன்றாவது இருக்கிறது. ஆகவே “வேண்டும், வேண்டாம்” என்று வாதாடும் காலம் போய்விட்டது. அவற்றிடம் எதைப் பெறுவது, எதைக் கேட்பது என்று யோசிப்பதே நமக்குப் பயன் தரும்.

விலைச்சிட்டைக்கு ஆள் அடையாளம் தெரியாது

என் முதல் கருத்து இது: பேரம் பேசி வாங்குவதை விட, ஒட்டிய விலைக்கு வாங்குவதே பெண்களுக்கு நல்லது.

“பேரம் பேசத் தெரியாதவள் குடும்பம் நடத்தத் தெரியாதவள்” என்று நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் பேரத்தில் வெல்பவர் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? ஊரில் செல்வாக்குள்ளவர், முதலாளியின் சிநேகிதர், குரல் உயர்த்திப் பேசக்கூடிய ஆண். புதிதாகக் குடிவந்தவளும், கணவனை இழந்தவளும், மொழி தெரியாத ஊரில் வாழ்க்கைப்பட்டவளும் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். விலைச்சிட்டைக்கு யாரையும் அடையாளம் தெரியாது. அமைச்சரின் மனைவிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் அது ஒரே விலையைத்தான் காட்டும்.

இந்த முறையைப் பரப்பிய கடைகளில் முக்கியமானது பாரிஸ் நகரின் ‘போன் மார்ஷே’. 1852 இல் அங்கு பங்காளியாகச் சேர்ந்த அரிஸ்டீட் பூசிக்கோ, பொருள்களில் விலையை எழுதி ஒட்டினார். வாங்காவிட்டாலும் உள்ளே வந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்றார். அந்தக் கடையை நிரப்பியவர்கள் பெரும்பாலும் பெண்களே. காரணம் புரிகிறதல்லவா?

நம் நாட்டில் இது கடைக்காரர் காட்டும் தயவு அல்ல, சட்டம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். பொதியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது குற்றம். பெரிய கடை, பெட்டிக்கடை என்ற பேதம் இதில் இல்லை. முறைப்பாட்டுக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. “பில் தாருங்கள்” என்று கேட்க நாம் கூச்சப்படத் தேவையில்லை.

கூடை நம் கையில் இருப்பது நல்லது

பொருளை நாமே எடுத்துக் கூடையில் போடும் முறையை, 1916 இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்ற கடையில் தொடங்கினார். அதுவரை வாங்க வருபவர் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பார், கடைப் பையன் எடுத்துக் கொடுப்பான். நம் ஊர்க் கடைகள் பல இன்றும் அப்படித்தான்.

இந்த மாற்றத்தின் அருமை ஆண்களுக்குத் தெரியாது. மாதவிடாய்ப் பஞ்சுப் பொதி வாங்க, கடையில் ஆண்கள் எல்லோரும் போகும்வரை ஓரமாகக் காத்து நின்ற அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது! குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டும். கடைக்காரர் அதைப் பழைய பத்திரிகையில் சுற்றித் தருவார். என் மகள் இன்று அதைச் சவர்க்காரத்தோடும் பிஸ்கட்டோடும் சேர்த்துக் கூடையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறாள். இதை நான் நாகரிக மோகம் என்று சொல்லமாட்டேன்.

இன்னொரு நன்மை, எடுத்து வாசிக்கலாம். பொதியின் பின்புறத்தில் முடிவுத் திகதி, உப்பு, எண்ணெய் விபரம் எல்லாம் இருக்கின்றன. மென்பானப் போத்தல்களில் 2016 ஒகஸ்ட் முதல் சீனியின் அளவை நிறத்தால் காட்டுகிறார்கள். 100 மில்லி லீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் என்றால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். அலுமாரிக்கு முன்னால் நின்று பார்க்கும் தாய்க்குத்தான் இந்த நிறங்கள் உதவும்.

ஆனால் சகோதரிகளே, அதே கூடைதான் பொறியும் கூட! அன்றாடம் தேவைப்படும் பொருள்களைக் கடையின் உள்கோடியில் வைப்பார்கள். அங்கு போவதற்குள் பத்து அலுமாரிகளைக் கடக்க வேண்டும். காசு கட்டும் இடத்தில், பிள்ளையின் கண்மட்டத்தில் சொக்லட் அடுக்கியிருக்கும். “இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்” என்பார்கள். ஒன்றே போதுமான வீட்டுக்கு அது இலவசம் அல்ல, இரண்டின் செலவு. எழுதிய பட்டியல் இல்லாமல் சுப்பர் மார்க்கெட்டுக்குள் கால் வைக்காதீர்கள். பசியோடும் போகாதீர்கள்.

கொப்பிக் கணக்கில் அன்பும் உண்டு, அவமானமும் உண்டு

“சின்னக் கடைக்காரர் கடன் தருவார், பெரிய கடை தருமா?” என்பது பலரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவு ஏறக்குறைய 195 ரூபா ஆகிவிட்டது. அந்த நாட்களில் எத்தனையோ அடுப்புகளை எரியவைத்தது தெருமுனைக் கடையின் கொப்பிதான். ஐம்பது கிராம் மிளகாய்த் தூளையும் பாதித் தேங்காயையும் முகம் கோணாமல் தந்தவர்கள் அவர்கள். இதை மறந்தால் நாம் நன்றி கெட்டவர்கள்.

ஆயினும் அந்தக் கொப்பியின் மறுபக்கத்தையும் நான் கண்டிருக்கிறேன். சிறுமியாக இருந்தபோது அம்மா என்னைத்தான் கடைக்கு அனுப்புவார். மாதக் கடைசியில் ஒருநாள், கடை நிறைய ஆட்கள் நிற்க, முதலாளி உரத்த குரலில் சொன்னார்: “பிள்ளை, பழைய கணக்கு கிடக்குது எண்டு கொம்மாட்டைச் சொல்லு.” கூட நின்றவர்களில் என்னோடு படிக்கும் பிள்ளையும் இருந்தாள். வெறும் பையோடு வீடு வந்த அந்தத் தூரம் இன்னும் என் கால்களுக்கு நினைவிருக்கிறது. கடன் வாங்கிய வீட்டுக்கு வேறு கடைக்குப் போகும் சுதந்திரமும் இல்லை. விலை கூடினாலும் அரிசியில் கல் இருந்தாலும் அங்கேயே வாங்க வேண்டும். கொப்பியில் எழுதுவது அவர், கூட்டுவதும் அவர். கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு!

அதனால் கடனே வாங்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. வாங்கினால் உங்களிடமும் ஒரு கொப்பி இருக்கட்டும். அன்றன்று எழுதி, அவரிடம் காட்டி ஒப்பிடுங்கள். சம்பளம் வந்ததும் முதல் வேலையாகக் கணக்கைத் தீருங்கள்.

இங்கேயே இன்னொரு கசப்பான கருத்தையும் சொல்லிவிடுகிறேன். கையில் காசு இருக்கும்போது சுப்பர் மார்க்கெட், கை வற்றியதும் சின்னக் கடை. நம்மில் பலர் இப்படித்தான் நடக்கிறோம். ரொக்கத்தை அங்கே கொடுத்துவிட்டுக் கடனை இங்கே சொல்வது எந்த வகையில் நீதி? சின்னக் கடைகள் நலிவதற்குப் பெரிய கம்பனி மட்டும் காரணம் அல்ல, நமது இந்தப் பழக்கமும் ஒரு காரணம். மரக்கறி, முட்டை, பாண் ஆகியவற்றையாவது ரொக்கத்துக்கு ஊர்க் கடையில் வாங்குவது என்று ஒவ்வொரு வீடும் வைத்துக்கொண்டால், அந்தக் கடைகள் நிமிர்ந்து நிற்கும்.

தனியாக உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம்

சங்கிலித் தொடர் உணவகங்களின் சாப்பாட்டை நான் புகழப் போவதில்லை. எண்ணெயும் உப்பும் சீனியும் கூடிய அந்த உணவு மாதத்தில் ஒருநாள் போதும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வைத்தார்கள் என்பதற்காகக் கடன்பட்டு அங்கே பிறந்தநாள் விழா வைப்பது வீண் பெருமை. அந்தக் காசுக்கு வீட்டில் கேக்கும் கட்லட்டும் செய்து வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிடலாம்.

ஆனால் அந்த உணவகங்களின் கதிரையைப் புகழ்வேன்! தனியாகப் பயணம் செய்யும் பெண் நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். எல்லாக் கண்களும் திரும்பும். “ஆர் கூட வந்தது?” என்ற கேள்வி வரும். சில கடைகளில் திரைச்சீலை போட்ட ‘ஃபமிலி ரூம்’ ஒன்றைக் காட்டுவார்கள். அங்கே மின்விசிறியும் சுற்றாது. இதனால் கிளினிக்குக்கும் கந்தோருக்கும் போகும் பெண்கள் காலையிலிருந்து மாலை வரை பட்டினியாகவே வீடு திரும்புகிறார்கள். மலசலகூடம் கிடைக்காது என்று தண்ணீரும் குடிப்பதில்லை. சிறுநீரை அடக்கி அடக்கி நோயைத் தேடிக்கொள்கிறார்கள்.

சங்கிலி உணவகத்தில் முதலில் காசைக் கட்டுகிறோம், தட்டை எடுத்துக்கொண்டு உட்காருகிறோம். யாரும் எதுவும் கேட்பதில்லை. கழுவிய மலசலகூடமும் பெரும்பாலும் இருக்கும். இலண்டனில் 1909 இல் செல்ஃப்ரிட்ஜஸ் பெருங்கடை திறந்தபோது, இளைப்பாறும் அறைகளும் உணவகமும் அதற்குள் இருந்தன. பெண்கள் வெளியே வந்து நேரம் செலவிட வேண்டுமானால் முதலில் இவை வேண்டும் என்று அந்த வியாபாரிக்குத் தெரிந்திருந்தது. லாபத்துக்காகத்தான் செய்தார், ஆனாலும் செய்தார். நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடை முதலாளிமாரும் இதைச் செய்தால், இடியப்பமும் சொதியும் உள்ள இடத்தை விட்டு நாங்கள் ஏன் பொரித்த கோழிக்குப் போகப் போகிறோம்?

நிற்கும் பெண்களுக்கு ஒரு கதிரை

கடைசியாக, அந்தக் கடைகளுக்கு உள்ளே நிற்பவர்களைப் பற்றி. குளிரூட்டிய மண்டபத்தில் சீருடையும் புன்னகையுமாக நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து “சொகுசான வேலை” என்கிறோம். காலையில் நின்றவர்கள் மாலையிலும் நிற்கிறார்களே, அதைப் பார்க்கிறோமா? சென்னை தியாகராய நகரின் துணிக்கடைப் பணியாளர்களின் இந்த வாழ்க்கையை, வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ திரைப்படம் 2010 இல் காட்டியபோது பலர் கண்கலங்கினர். கண்கலங்கியதோடு விட்டுவிடாமல் போராடியவர்கள் கேரளப் பெண்கள். கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரப் பெண்ணின் முன்முயற்சியில் கடைப் பெண்கள் அமைப்பாகத் திரண்டனர். 2018 இல் கேரள அரசு, பணியாளர் உட்கார இருக்கை வழங்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. 2021 இல் தமிழ்நாடும் அதைப் பின்பற்றியது.

நம் நாட்டில் கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954 இலேயே வந்தது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வேலை நேரத்தை அது வரையறுக்கிறது. 84 நாள் பிரசவ விடுமுறையும் அதில் உண்டு. சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பது கடைக்குள் நடக்கிறதா என்று பார்க்க வாடிக்கையாளர்களான நமக்கும் கண் இருக்கிறது.

ஒரு சுப்பர் மார்க்கெட்டில் காசாளராக நின்ற பிள்ளைக்கு ஏழாம் மாதம். பொருள்களை எடுத்து வைத்தபடியே ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். “தங்கச்சி, இருந்து செய்யக் கூடாதா?” என்று கேட்டேன். “கதிரை தரமாட்டினம் அக்கா” என்று மெதுவாகச் சொன்னாள். அவள் பெயரைக் குறிப்பிடாமல் முகாமையாளரிடம் பொதுவாகப் பேசினேன். “கஸ்டமர்ஸ் அதை மரியாதைக் குறைவா நினைப்பினம் மெடம்” என்றார். “நானும் கஸ்டமர்தான் தம்பி, நான் அப்படி நினைக்கவில்லை. வேண்டுமானால் எழுதித் தருகிறேன்” என்றேன். எழுதியும் கொடுத்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் தாங்களாகவே கையொப்பம் வைத்தார்கள். அடுத்த மாதம் போனபோது அந்த இடத்தில் ஒரு முக்காலி இருந்தது. அவள் அதற்குள் விடுமுறையில் போயிருந்தாள். வேறொரு பிள்ளை அதில் அமர்ந்திருந்தாள்.

இதுதான் என் கருத்துகளின் சாரம். பெரிய கடையை வணங்கவும் வேண்டாம், வசைபாடவும் வேண்டாம். ஊர்க் கடையிடம் விலைச்சிட்டையும் பற்றுச்சீட்டும் கேட்போம், அதற்கு ஈடாக ரொக்கம் கொடுப்போம். ஊர்ச் சாப்பாட்டுக் கடையிடம் நல்ல கதிரையும் கழுவிய மலசலகூடமும் கேட்போம். பெரிய கடையிடம் அங்கே நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு முக்காலி கேட்போம். வீட்டுச் செலவுக் காசு பெரும்பாலும் நம் கையால்தான் போகிறது. அதைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னால், கடைக்காரர் கேட்காமல் இருக்கமாட்டார்.