மீன்பிடித் தடைக்காலப் படகுப் பராமரிப்பு

மீன்பிடித் தடைக்காலப் படகுப் பராமரிப்பு என்பது, மீன்பிடிப்பு நிறுத்தப்படும் நாட்களில் படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்த்து, மீண்டும் கடலுக்கு ஆயத்தப்படுத்தும் பணியாகும். குளிர்நாடுகளில் ஏரிகள் உறையும் முன்பே படகுகளையும் நீர்விமானங்களின் மிதவைகளையும் கரையேற்றி வைப்பர். பனி உறையாத தமிழகக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு நீண்ட ஓய்வு தருவது கோடைகாலத் தடையே.

தடைக்காலம்

மீன்களின் இனப்பெருக்கத்தைக் காக்க, கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. 2017-க்கு முன் இது 45 நாட்களாக இருந்தது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் பெரும் பழுதுவேலைகள் இந்நாட்களில்தான் நடைபெறும். விளாத்திகுளம் வட்டத்துக் கடலோர ஊர்களான வேம்பார், சிப்பிகுளம், கீழவைப்பார் ஆகியவற்றில் நாட்டுப்படகுகளே மிகுதி. அவற்றுக்கு இத்தடை இல்லை. தொழிலுக்குப் போகாத நாட்களில் அவற்றை மணலில் ஏற்றிச் சீர்செய்வர்.

மரத்தின் பகைவர்

கப்பல்புழு எனப்படும் உயிரி உண்மையில் புழு அன்று. முத்துச்சிப்பியைப் போன்ற இருவோட்டு மெல்லுடலி. இதன் இளவுயிரி ஊசிமுனை அளவு துளையிட்டு நுழைந்து, மரத்துக்குள்ளேயே வளரும். வெளியே பலகை நலமாகத் தெரியும், உள்ளே கூடாகியிருக்கும். எனவே அடிப்பலகையைச் சுத்தியலால் தட்டி, ஓசை மாறும் இடங்களைச் சோதிப்பர். கரையேற்றி உலரவிட்டால் புழு இறந்துவிடும். ஆனால் அது அரித்த பலகையை மாற்றியே ஆகவேண்டும். அடிப்புறத்தில் ஒட்டிய கொட்டலசும் பாசியும் படகின் வேகத்தைக் குறைத்து எரிபொருள் செலவைக் கூட்டுவதால், அவற்றையும் சுரண்டி நீக்குவர்.

பழுதுபார்த்தல்

பலகைகளின் இடைவெளியில் பஞ்சுத்திரியை அடித்துச் செலுத்தி, குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பூச்சால் மூடுவது கலப்பற்று எனப்படும். கண்ணாடியிழைப் படகில் விரிசல் இருந்தால், அப்பகுதியைத் தேய்த்து, நன்கு உலர்த்திய பின்னரே புதிய இழையும் பிசினும் இடவேண்டும். ஈரத்தின்மேல் ஒட்டினால் அது விரைவில் பெயர்ந்துவிடும்.

வெளிப்பொருத்து இயந்திரத்தை நன்னீரால் கழுவி உப்பை நீக்குவர். உலோகப் பாகங்களின் அருகே பொருத்தப்படும் துத்தநாகக் கட்டி, தான் அரிபட்டு மற்ற உலோகத்தைக் காக்கும். அது பாதி கரைந்ததும் மாற்றவேண்டும். அதன்மேல் வண்ணம் பூசினால் பயன் போய்விடும்.

பூச்சும் கடலும்

உயிரிகள் ஒட்டாமலிருக்க அடிப்புறத்தில் நச்சுப்பூச்சு பூசப்படுகிறது. முன்பு பயன்பட்ட வெள்ளீயச் சேர்மப் பூச்சுகள் பெண் கடல்நத்தைகளில் ஆண் உறுப்பு வளரச் செய்ததால், 2008-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை அவற்றைத் தடை செய்தது. சங்கும் கடல்நத்தை இனமே. இன்று பரவலாக உள்ள தாமிரப் பூச்சும் கடலுயிர்களுக்குத் தீங்கற்றதன்று. ஆதலால் சுரண்டிய தூளை அலைவாயில் விடாமல் விரிப்பில் சேகரித்து அகற்றுவது, சங்கும் முத்துச்சிப்பியும் வாழும் மன்னார் வளைகுடாவுக்கு மிகவும் தேவையானது.

மீண்டும் கடலுக்கு

வெயிலில் நெடுநாள் கிடந்த பலகை சுருங்கி, இணைப்புகள் விலகும். அதனால் நிழலில் வைப்பதும், இறக்குமுன் உள்ளே நீர் ஊற்றிப் பலகையை ஊறவைப்பதும் வழக்கம். இறக்கிய பின் கசிவு உள்ளதா எனப் பார்த்த பின்னரே தொழிலுக்குச் செல்லவேண்டும். கரையில் கவனிக்காமல் விட்ட சிறு துளையை நடுக்கடலில் அடைப்பது அரிது.